எவரிஸ்த் என்ற ஆளே இல்லாத ஊர்

எடோக்சி தாரூ எவரையும் முதல் பார்வையில் நம்பியவள் இல்லை. அது அப்பன் வழி வந்த குணம். அவள் அப்பா தெயோ, பாதிரியார் தீர்த்தம் தெளித்தால்கூட, “இது எந்த ஆத்துத் தண்ணி, சாமி?” என்று கேட்டுவிட்டுத்தான் தலை குனிவார். மகளுக்கு அந்தச் சந்தேகமும் வாய்த்தது, பாசிப் பாறையில் சறுக்காத காலும் வாய்த்தது. இரண்டையும் வைத்துத்தான் அவள் காலம் தள்ளினாள்.

அவள் ஊர் மோர்ன் சிட்ரோன். டொமினிக்கா தீவில், ரோசோ துறைமுகத்திலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறினால், மேகம் வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போகிற உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே காடு. காட்டுக்குள் சோ பிளான் அருவி. மழை ஓய்ந்த மாதங்களில் கப்பல்கள் காலையில் வந்து நிற்கும், பொழுது சாயுமுன் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஒரு வேன் நிறைய ஆட்களை அருவிக்குக் கூட்டிப்போய், குளிக்க வைத்து, கைகால் முறியாமல் கப்பலடியில் கொண்டுவந்து இறக்குவது எடோக்சியின் வேலை. பெரிய புயல் காட்டையே மொட்டையடித்துவிட்டுப் போன வருஷம், பாதை இருந்த தடமே தெரியாமல் மரங்கள் விழுந்து கிடந்தன. வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனவள் அவள்தான். வெட்டி, இழுத்து, படி கட்டி, கயிறு போட்டு, பாதையை மறுபடி உண்டாக்கினாள்.

பாதை அவள் உண்டாக்கியது என்றாலும் மண் அவளுடையது இல்லை. அது தாரூ குடும்பத்து நிலம். குடும்பத்து நிலம் என்றால் எல்லோருக்கும் சொந்தம், ஒருவருக்கும் தனிச் சொந்தமில்லை. அடிமைத்தளை அறுந்தவர்களின் வயிற்றில் பிறந்த செலி தாரூ வாங்கிப் போட்டது. செலியின் மகன் மெத்தார். மெத்தாருக்கு மூன்று பிள்ளைகள்: மூத்தவன் எவரிஸ்த், அடுத்தவன் தெயோ, கடைக்குட்டி செராஃபீன். செலியின் மகள்கள் வழியில் வந்த கூட்டம் வேறு உண்டு. அவர்களும் ஊரிலேயே சேம்பும் வாழையும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். எவரிஸ்த் மட்டும் மீசை கறுத்த வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். கொஞ்ச காலம் சேதி வந்தது. பிறகு நின்றுபோனது. எடோக்சிக்கு அந்தப் பெரியப்பா வெறும் பெயர்தான்.

வெறும் பெயராக இருந்ததைப் பயமாக ஆக்கியவர் பேசில் என்ற தரகர். அருவிப் பக்கம் விடுதி கட்ட ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆசை. அருவி அரசாங்கத்தினுடையது, அதற்குப் போகிற வழி தாரூக்களுடையது. ஊரில் இருந்த பங்காளிகள் ஒருவரும் மசியவில்லை. பேசில் கோபப்படவில்லை. ஒனோரேயின் ரம் கடையில் உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி சொன்னார்:

“நீங்க போட வேணாம். இங்கிலாந்துக் கிளையில ஒரே ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். அந்தப் பங்கை வெச்சு கோர்ட்டுக்குப் போய் மொத்தத்தையும் ஏலத்துக்கு இழுத்துடலாம்.”

அன்றிலிருந்து கப்பலில் இறங்குகிற ஒவ்வொரு முகமும் எடோக்சிக்குப் பேசில் அனுப்பிய முகமாகத் தெரிந்தது. அந்தச் சந்தேகம் சும்மா வந்ததும் இல்லை. பறவை பார்க்க வந்தேன் என்ற ஒருவன், தலைக்கு மேலே கிளி கத்தும்போது குனிந்து குளத்தங்கரையை நாடா வைத்து அளந்தான். தேன் ஒழுகப் பேசிய ஒரு பெண், ஊர்க் கிழவர்களிடம் அவரவர் பாட்டன் பெயரை விசாரித்துக்கொண்டு போனாள். யார் அருவியைப் பார்க்கிறார்கள், யார் நிலத்தைப் பார்க்கிறார்கள் என்று பிரித்தறிய எடோக்சி பழகிக்கொண்டாள். வேன் ஓட்டுகிற போலித், செலியின் மகள் வழிக் கொள்ளுப்பேரன், இதைச் சொல்லிக் கேலி செய்வான்.

“கர்த்தரே கப்பல்ல வந்து இறங்கினாலும், ‘உன்னை யாரு அனுப்புனது, பேசிலா?’ன்னு கேப்பா எங்க எடோக்சி.”

ஒருநாள் காலை வேனில் ஏறியவர்களில் ஒருவர் தனியாக வந்திருந்தார். அறுபதைத் தொட்ட வயது. தீவுக்காரர் நிறம், இங்கிலீஷ்காரர் பேச்சு. பெயர் டெரிக் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. மற்றவர்கள் கடல் தெரிகிற பக்கமாகச் சாய்ந்து ஆவென்று பார்த்தபோது, இவர் மலைப்பக்கம் திரும்பிக் கூரைகளையும் வேலிகளையும் பார்த்தார். மழைச்சட்டையின் உள்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நீளக் காகிதம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கேமரா கொண்டு வரலையா, சார்?” என்றாள் எடோக்சி.

“கண்ணு போதுங்க.”

கண் போதுமாம். கண் எதை எடுத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியாதா?

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார். “இந்த மேல்பக்கத்து நிலமெல்லாம் யாரோடது?”

“மழையோடது,” என்றாள். வேனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

காட்டின் வாசலில் வேன் நின்றது. எல்லோரும் ரப்பர் செருப்பு மாட்டுவதும், கைத்தடி பொறுக்குவதுமாக இருந்தார்கள். பெரிய தொப்பி போட்ட ஒரு அம்மாள், “பாம்பு இருக்குமா?” என்று போலித்தைப் பிடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இருக்குங்க. ஆனா கூச்சப்படும்,” என்றான் அவன். அந்தச் சந்தடியில் டெரிக் எடோக்சியின் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்தார்.

“இந்த ஊர்ல எவரிஸ்த்னு யாராவது இருந்தாங்களா? ரொம்ப காலம் முன்னாடி?”

யோசிக்குமுன் அவள் வாய் பதில் சொல்லிவிட்டது.

“இல்லையே.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

“யோசிக்க என்ன இருக்கு? செத்தவங்க, இருக்கிறவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். அந்தப் பேர்ல ஒருத்தரும் இருந்ததில்ல. உங்களுக்கு யாரு சொன்னது?”

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். “தெரிஞ்சவர் ஒருத்தர்.”

தெரிஞ்சவர்! எடோக்சிக்கு அந்த ஒரு சொல் போதும். வேனுக்குப் பின்னால் போய், ஒனோரேயின் கடைக்குப் போன் போட்டு, ஊருக்குள் பேசுகிற கிரியோல் பேச்சில் கிசுகிசுத்தாள்.

“ஒனோரே, வேவு பாக்க ஒருத்தன் வந்திருக்கான். எவரிஸ்தைக் கேக்குறான்.”

“பேசில் ஆளா?”

“வேற யாரு? எவரிஸ்த்னு ஒருத்தன் இந்த ஊர்ல பிறக்கவே இல்ல. புரியுதா? கடையில சொல்லு, கோயில்ல சொல்லு, ஆத்துல துவைக்கிறவங்ககிட்ட சொல்லு.”

“தாந்த் செராஃபீன்கிட்ட?”

ஊரில் அத்தைமாரைத் தாந்த் என்றுதான் கூப்பிடுவார்கள். செராஃபீன், எவரிஸ்தின் சொந்தத் தங்கை.

“அவகிட்டதான் முதல்ல சொல்லணும். அவ வாய்தான் ஆத்து வாய்.”

“நீ நிம்மதியா நட. இன்னிக்கு நாங்க எல்லாரும் ஊமை.”

இது அந்த மலையூர்களில் பழைய வழக்கம். வரி தண்ட வந்தவன் காலத்திலிருந்தே உண்டு. வெளியாள் வந்து ஒருவன் பெயரைச் சொல்லித் தேடினால், அவன் உடன்பிறந்தவனாக இருந்தாலும் தெரியாது என்று சொல்லவேண்டும். பிறகு கொல்லை வழியாக ஓடிப்போய், உன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லவேண்டும். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

நடக்கத் தொடங்கியபோது எடோக்சி அந்த மனிதரைத் தனக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டாள். காது பின்னால் இருந்தது, கால் முன்னால் போயிற்று. மற்றவர்கள் ஈர வேர்களில் குதிங்காலை வைத்துச் சறுக்கினார்கள். இவர் பாதத்தைச் சாய்த்து, விரல்களால் வேரைக் கவ்வி, ஊர்க்காரன் மாதிரி நடந்தார். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறான் பேசில் என்று நினைத்தாள். ஓடையைக் கடக்கிற இடத்தில் மற்றவர்கள் குளிர் தாங்காமல் கூச்சலிட்டார்கள். இவர் இறங்குமுன் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளிப் பிடரியில் வைத்துக்கொண்டார். அந்த மலையில் பிறந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பிடரி நனைந்தால் குளிர் நெஞ்சுக்கு ஏறாது. இதையெல்லாமா பேசில் பாடம் நடத்தி அனுப்புகிறான்?

மேலே ஏற ஏற, பெரணி மரங்களுக்கு நடுவே சிவப்பு இலைச் செடிகள் வரிசையாக வந்தன. செலி காலத்தில் எல்லைக்கு நட்டவை. புயல்கூட அவற்றைப் பிடுங்கவில்லை.

“இது எல்லைச் செடிதானே?” என்றார் டெரிக்.

“அழகுக்கு வெச்சது.”

“நடுக்காட்டுல யாரு பாக்க?”

“குருவி பாக்கும்.”

அவர் நின்று அவளை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பெண் எதையோ மறைக்கிறாள் என்கிற பார்வை. எடோக்சி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, “கயித்தைப் பிடிச்சு வாங்க, எல்லாரும்!” என்று குரல் கொடுத்தாள்.

அருவியடியில் வழக்கமான கூத்து. தொப்பிக்கார அம்மாள் தொப்பியோடு தண்ணீரில் இறங்கினாள். ஒரு கணவன், மனைவி நீந்துவதைப் படம் பிடிக்கிறேன் என்று பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து தானே விழுந்தான். எடோக்சி ஃபிளாஸ்க்கிலிருந்து கோக்கோ டீ ஊற்றி ஆளாளுக்குக் கொடுத்தாள். டெரிக் மட்டும் நனையாமல், சாரல் படாத ஒரு பாறையில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை வெளியே எடுத்து வைத்திருந்தார். டீயை வாங்கிக்கொண்டு, அவராகவே பேசினார்.

“காலையில நீங்க சொன்னதும் மனசு லேசாயிடுச்சு.”

“நான் என்ன சொன்னேன், சார்?”

“எவரிஸ்த்னு யாரும் இல்லன்னு. இனிமே மறைக்க என்ன இருக்கு? எவரிஸ்த் தாரூ எங்கப்பா. ஊர் இதுதான்னு சொல்வார். ஆறு வருஷம் ஆச்சு அவர் போய். போன மாசம் வக்கீல் மூலமா இந்தக் காகிதம் வந்துது. உங்க குடும்பத்துல அங்க ஒருத்தரும் மிச்சமில்ல, வெளியாளுங்க புகுந்து உக்காந்திருக்காங்க, கையெழுத்துப் போட்டுடுங்கன்னு. எனக்குக் கை வரல. ஒருத்தராவது இருந்துட்டா? அதான் நேர்ல பாத்துடலாம்னு கப்பல்ல வந்தேன். பேசில்ங்கிறவர் துறைமுகத்துல பேனாவோட நிக்கிறார். போட்டுக் குடுத்துட்டு ஏற வேண்டியதுதான்.”

அத்தனை பெரிய அருவியின் இரைச்சல் எடோக்சியின் காதில் அடங்கிப்போயிற்று. அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். தெயோவின் நெற்றி. தெயோ சந்தேகப்படும்போது ஒரு புருவம் மேலே போகுமே, அந்தப் புருவம். காலையிலிருந்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதை ஒற்றன் முகம் என்று நினைத்திருக்கிறாள்.

“சார், நான் சொன்னது பொய்.”

“எது?”

“எவரிஸ்த் இருந்தார். எங்கப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நீங்க என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன்.”

அவர் கோக்கோ டீயைப் பாறையில் வைத்தார். சந்தையில் துரத்தித் துரத்தி மாலை விற்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“கையெழுத்துன்னதும் தங்கச்சி முளைச்சிட்டாளா?”

“ஐயோ, சத்தியமா. உங்க தாத்தா மெத்தார். அவரோட அம்மா செலி. மெத்தாருக்கு மூணு பிள்ளைங்க...”

“இதெல்லாம் இந்தக் காகிதத்துலயே எழுதியிருக்கு. வக்கீலுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா? அங்க இருக்கிறவங்க உறவு கொண்டாடுவாங்க, நம்பிடாதீங்கன்னு பேசில் முன்னாடியே சொன்னார். நான்கூட அந்த ஆளைத்தான் சந்தேகப்பட்டேன்.”

“அப்ப ஊருக்கு வாங்க. போற வழிதான். ஊரே சொல்லும்.”

“ஊர் என்ன சொல்லும்னு பாக்கலாம்,” என்றார். குரலில் ஈரமில்லை.

இறங்குகிற வழி முழுக்க எடோக்சி போனைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். காட்டுக்குள் அது எடுக்காது. காட்டின் வாசலுக்கு வந்து ஒனோரேக்குப் போட்டால், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மறுபடி போட்டால் அப்போதும் அதேதான். அவள் காலையில் கொடுத்த வேலையைத்தான் பாவம் அவன் மூச்சுவிடாமல் செய்துகொண்டிருந்தான்.

“போலித், கோயில் முன்னாடி நிறுத்து.”

“எதுக்கு? வழியில எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னு கப்பல்காரன் சொல்லியிருக்கான். உன் வேலை போயிடும், தாயே. என் வேலையும்.”

“நிலம் போனா வேலை எங்கடா இருக்கும்? நிறுத்து.”

கோயிலுக்கு எதிரில் ஒனோரேயின் கடை. வாசலில் டாமினோ ஆடுகிற நாலு பேர். கடை ஓரத்தில் தாந்த் செராஃபீன் மடியில் முறத்தை வைத்துத் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். வேன் நின்றதும் எல்லா முகமும் பூட்டிக்கொண்டது.

“ஒனோரே,” என்றாள் எடோக்சி, எல்லோருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில். “இவர் எவரிஸ்தோட மகன். எவரிஸ்த் யாருன்னு சொல்லு.”

ஒனோரே கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி அவளைப் பார்த்து மெதுவாகக் கண்ணடித்தான். “எந்த எவரிஸ்த்?”

“தாரூ எவரிஸ்த்!”

“இந்த ஊர்ல எவரிஸ்த்னு ஒரு நாய்கூட இருந்ததில்லையேம்மா.”

“பூனையும் இல்ல,” என்றான் டாமினோ ஆடுகிற ஒருவன், கட்டையைத் தட்டியபடி. இன்னொருவன் எழுந்து, கேட்காமலே மாதா மேல் சத்தியம் செய்தான்.

எடோக்சி கிரியோலுக்கு மாறினாள். “டேய், காலையில சொன்னது தப்பு. இவர் நிஜமாவே நம்ம ஆளு. உண்மையைச் சொல்லுங்கடா!”

அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒனோரேக்கு வேறு எண்ணம் ஓடியது. கல்லா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, டெரிக்கின் முன் மார்பை நிமிர்த்தி நின்றான். “ஐயா, எங்க பொண்ணை மிரட்டித்தான இழுத்துட்டு வந்திருக்கீங்க? எங்ககிட்ட ஆகாது. எவரிஸ்தும் கிடையாது, ஒருத்தனும் கிடையாது.”

“தாந்த்! நீயாவது சொல்லேன்,” என்று எடோக்சி செராஃபீன் பக்கம் ஓடினாள். கிழவி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு துவரை உரித்தாள். வாய் பேசாமல் இருப்பது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்று கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனால் சொன்ன சொல் தவறாதவள். தலையை மட்டும் ஆட்டினாள்: இல்லை.

வேனில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

“போதும்,” என்றார் டெரிக். “எல்லாரும் ஒரே பேச்சு. நீங்க மட்டும்தான் மாத்திப் பேசுறீங்க.” வேனை நோக்கி நடந்தவர், கோயிலைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். மரச்சட்டத்தில் தொங்குகிற மணியை அண்ணாந்து பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வது போல, தனக்குள் சொன்னார்:

“இதையாவது பாத்தாச்சு. ரோடு இல்லாத காலத்துல கடற்கரையிலேருந்து இந்த மணியைக் கம்புல கட்டி, முன்கம்பு பிடிச்சுத் தோள்ல தூக்கிட்டு வந்தது எங்கப்பாதான்.”

முறம் கீழே விழுந்தது. துவரை நாலாபக்கமும் சிதறியது.

“யாரு? முன்கம்பு யாரு?” தாந்த் செராஃபீன் எழுந்துவிட்டாள். “எவரிஸ்தா முன்கம்பு? அந்தச் சோம்பேறியா?”

“தாந்த், வாயை மூடு!” என்று ஒனோரே பதறினான்.

“நீ மூடுடா! நான் கூடவே தண்ணிக் குடம் தூக்கிட்டு வந்தவ. எனக்குச் சொல்றியா? பாதி ஏத்தத்துல கால்ல முள்ளுன்னு ஈரப்பலா மரத்தடியில உக்காந்தவன் எவரிஸ்த். சின்னவன் தெயோ போய்க் கம்பைப் பிடிச்சான். அவன் தோள் புண்ணாகி ஒரு மாசம் குப்புறப் படுத்துக் கிடந்தான். மணி ஊருக்குள்ள நுழையறப்ப எவரிஸ்த் ஓடி வந்து முன்னாடி நின்னுக்கிட்டான். பாதிரியார் அவனுக்கு மாலை போட்டாரு!”

அதற்கு மேல் ஊமையாக இருப்பது யாராலும் முடியவில்லை. “எங்கப்பனும் பின்கம்புல இருந்தாரு, அவருக்கு ஒரு மாலையும் இல்ல,” என்றான் ஒனோரே. “எங்க வீட்டுக் கோழியைத் திருடிட்டு நரின்னு சொன்னவரு. இந்தத் தீவுல நரி ஏது?” என்றான் சத்தியம் செய்தவன். ஆளுக்கொன்றாக வந்து விழுந்தது. எவரிஸ்த் ஆற்றில் விட்ட படகு, எவரிஸ்த் உடைத்த பிடில், எவரிஸ்த் ஒரே நாளில் இரண்டு பெண்களுக்குச் சொன்ன ஒரே வாக்கு.

டெரிக் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்!”

“பொய் சொல்ல மாட்டானா?” தாந்த் செராஃபீன் இடுப்பில் கை வைத்தாள். “அப்ப நீ அவன் மகனே இல்ல, போ!”

எடோக்சிக்கு உயிரே போயிற்று. ஆனால் அவர் வேனுக்குப் போகவில்லை. கிழவிக்கு எதிரில் வந்து நின்று, வழக்காடினார்.

“கடைசி நாள்லகூட ஆஸ்பத்திரியில தோளைத் தொட்டுக் காட்டி, மணி தூக்கின தோள்டா இதுன்னுதான் சொன்னார். சாகிறப்ப யாராவது...”

அங்கே நின்றுபோனது பேச்சு. கிழவியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

“செத்துட்டானா?”

அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. காலையில் அவன் பிறக்கவே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள்.

“எப்ப?”

“ஆறு வருஷம் ஆச்சு.”

“ஆறு வருஷம்.” அவள் குனிந்து ஒரு துவரையைப் பொறுக்கினாள், இன்னொன்றைப் பொறுக்கினாள். “நேத்துகூட அவனை வைதேனே நான். உசுரோட இருக்கிறவனை வையிறதா நெனச்சு வைதேனே.” பிறகு நிமிர்ந்து டெரிக்கின் தாடையைப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். “தெயோ மூஞ்சி. எவரிஸ்த் அழகன். நீ அழகில்ல.”

ஊரில் சாவு என்றால் மணி அடிக்கவேண்டும். ஒனோரே போய்க் கயிற்றை இழுத்தான். டெரிக் தலையைக் குனிந்து நின்றார். தொப்பிக்கார அம்மாள் வேனிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போன்களைக் கீழே இறக்கினார்கள். அடி ஓய்ந்ததும் போலித் ஹாரனை அழுத்தினான். கப்பல் யாருக்கும் நிற்காது.

கீழே போகிற வழியில் டெரிக் எடோக்சியின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். கூரைகளும் வேலிகளும் பின்னால் போவதைப் பார்த்தார். பிறகு, “காலையில ஏன் இல்லன்னு சொன்னே?” என்றார். ‘நீங்க’ போய்விட்டிருந்தது.

“நீங்க பேசில் ஆளுன்னு நெனச்சேன்.”

“நான் உன்னை வெளியாளுன்னு நெனச்சேன்.” காகித உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அந்த மேல்நிலத்துல எங்கப்பா பங்கு எது?”

எடோக்சி அந்த உறையை ஓரக்கண்ணால் பார்த்தாள். “பங்குன்னு பிரிச்சு எதுவும் கிடையாது, அண்ணே. எல்லாம் எல்லாருக்கும்.”

“ம்,” என்றார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

துறைமுக வாசலில் பேசில் மடிப்புக் கலையாத சட்டையோடு நின்றிருந்தார். டெரிக் நேராக அவரிடம் போனார். ஓரமாக நின்று இரண்டு பேரும் பேசினார்கள். எடோக்சி தன் ஆட்களைக் கப்பல் படிக்கட்டுக்கு ஓட்டவேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது பேசிலின் கை சட்டைப்பையில் பேனாவைத் தொட்டது தெரிந்தது. அதற்குள் ஒரு கூட்டம் குறுக்கே வந்து மறைத்தது. கூட்டம் விலகியபோது டெரிக் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே போய்க் கையை ஆட்டினார். போட்டுவிட்டுக் கை ஆட்டுகிறாரா, போடாமல் ஆட்டுகிறாரா? காகிதம் அவர் கையிலும் இல்லை.

“கேட்டிருக்கலாமே,” என்றான் போலித்.

“கேட்டா மட்டும் நெஜத்தைச் சொல்வாரா? எவரிஸ்த் மகன்.”

மறுநாள் தாந்த் செராஃபீன் ரேடியோவுக்குச் சொல்லி, எவரிஸ்தின் மரண அறிவிப்பை ஆறு வருஷம் கழித்து வாசிக்க வைத்தாள். அங்கே ஒருவர் செத்தால் உறவுகள் எல்லோர் பெயரும் ரேடியோவில் வரவேண்டும். பெயர் விட்டுப்போனால் அது ஜென்மப் பகை. மகன் டெரிக், இங்கிலாந்து என்று வாசித்தபோது எடோக்சி ரேடியோவையே முறைத்துக்கொண்டு நின்றாள். இப்போது தீவு முழுக்கக் கேட்டாகிவிட்டது. நல்லதற்கா கெட்டதற்கா என்றுதான் தெரியவில்லை. அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பாதையில் நடக்கும்போதெல்லாம் இது கடைசித் தடவையோ என்று ஒவ்வொரு படியையும் மிதித்தாள்.

சீசன் முடிகிற சமயத்தில் பேசில் வந்தார். ஒனோரேயின் கடைக்குள் நுழைந்தவர், ரம் கேட்கவில்லை. எடோக்சி அங்கே பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

“இங்கிலாந்துக்காரன் முடியாதுன்னுட்டான்,” என்றார் பேசில். “அன்னிக்குத் துறைமுகத்துலயே காகிதத்தை என் கையில திணிச்சுட்டுப் போனான். நானும் விடாம போன் போட்டுப் பாத்தேன். விலையை ஏத்தியும் பாத்தேன். கம்பெனியும் வேற தீவைப் பாத்துட்டுப் போயிடுச்சு. அப்படி என்ன ஆசை காட்டினீங்க அவனுக்கு?”

எடோக்சி கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள். கால் அவளுக்குச் சறுக்கியது அந்த ஒரு தடவைதான்.

“ஒரு ஆசையும் காட்டல,” என்றாள். “அவங்கப்பாவைத் திட்டினோம்.”

“விளையாடாதே.”

“நெஜமாத்தான். ஊரே கூடி நின்னு திட்டினோம். தாந்த் ஆரம்பிச்சா, ஒனோரே முடிச்சான்.”

பேசில் ஒனோரேயைப் பார்த்தார். ஒனோரே ஆமென்று தலையாட்டினான். டாமினோக்காரர்களும் ஆட்டினார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரித் தலையாட்டியதைப் பார்த்த பேசில், இவர்கள் கூடிப் பேசி எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.